கொவிட் கண்ட இதயம்

சீகிரியாவின் நீர்ப் பூங்காக்களைக் கடந்து, சிங்கப் பாதங்களின் ஊடாக உச்சிக்குப் போக ஏறத்தாழ 1,200 படிகள் ஏறவேண்டும். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 180 மீற்றர் அளவுக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை அது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அதன் தலையில் அரண்மனை கட்டினான். 1982இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அந்தப் படிகளை நம்பித்தான் இன்றும் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. வழிகாட்டிகள், சஃபாரி ஜீப் சாரதிகள், விடுதி ஊழியர்கள், இளநீர் விற்பவர்கள் என்று மாத்தளை மாவட்டத்தின் இந்த வடக்கு மூலை முழுவதும் சுற்றுலாவோடு பிணைந்திருக்கிறது. 2020 மார்ச் இரண்டாம் வாரத்தில், நாட்டுக்குள்ளேயே கொரோனா தொற்றிய முதல் இலங்கையர் என்று அறிவிக்கப்பட்டவரும் ஒரு சுற்றுலா வழிகாட்டிதான். இத்தாலியப் பயணிகளோடு பணியாற்றியவர். அந்த மாதம் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது, பாறையின் வாசலும் மூடப்பட்டது. அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றி நாம் பேசியதெல்லாம் மூச்சைப் பற்றித்தான்: இருமல், நிமோனியா, ஒட்சிசன், வென்டிலேட்டர். அந்த நினைவு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கொரோனா வைரஸ் மூச்சுப் பாதையால் நுழைகிறது. அது செய்யும் சேதத்தில் கணிசமான பங்கு இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் நிகழ்கிறது. ஆகவே இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று வைத்தியர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவற்றோடு, ‘கொவிட் வந்ததா, எவ்வளவு கடுமையாக வந்தது’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

இலங்கையின் முதல் கொவிட் மரணம் 2020 மார்ச் 28இல் பதிவானது. மாரவிலயைச் சேர்ந்த அந்த நோயாளிக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தன என்று சுகாதார அதிகாரிகள் தெரிவித்தார்கள். பிறகு தொற்று பரவியபோது அரசாங்கத் தகவல் திணைக்களம் நாள்தோறும் வெளியிட்ட மரண அறிவித்தல்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். வயது, ஊர், இறந்த இடம், மரணத்துக்கான காரணம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். ‘கொவிட் நிமோனியா’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இதய நோய், மாரடைப்பு, உயர் இரத்த அழுத்தம் என்பவை திரும்பத் திரும்ப வந்தன. அப்போது ஊரெங்கும் எழுந்த கேள்வி, “இவர் கொவிட்டால் செத்தாரா, இருந்த வருத்தத்தால் செத்தாரா?” என்பது. புள்ளிவிவரத்தை ஊதிப் பெருப்பிக்கிறார்கள் என்று சிலரும் மறைக்கிறார்கள் என்று சிலரும் சந்தேகப்பட்டார்கள். அந்தக் கேள்வியே பிழையான இடத்தில் கோடு போடுகிறது என்பது என் கருத்து. பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த இதய நோயை ஒரே வாரத்தில் கிளப்பிவிட இந்த வைரஸால் முடியும் என்றால், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்படி முடியும் என்பதற்கான முதல் சான்று வூஹானிலிருந்தே வந்தது. அங்குள்ள ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 416 கொவிட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 82 பேருக்கு இதயத் தசை சேதமடைந்திருந்தது தெரியவந்தது. ட்ரோபோனின் என்ற புரதம் இதயத் தசைச் செல்களுக்குள் இருப்பது. செல் சிதைந்தால்தான் இரத்தத்துக்குள் கசியும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க வார்டில் எடுக்கும் அதே இரத்தப் பரிசோதனைதான். அந்த 82 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மற்றவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரை எட்டவில்லை. நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதோடு, இதயம் பாதிக்கப்பட்டதா இல்லையா என்பதும் உயிரைத் தீர்மானித்தது.

இது எப்படி நடக்கிறது? நம் உடலிலுள்ள ஒவ்வொரு இரத்தக் குழாயின் உட்புறத்திலும் ஒற்றை வரிசைச் செல்கள் பாவியிருக்கின்றன. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சாந்து பூசி, பளபளவென்று மெருகேற்றிய சுவர் அது. மெருகு குலையாத இடத்தில் கை வழுக்கிக்கொண்டு போகும், கீறல் விழுந்த இடத்தில் தூசும் அழுக்கும் படியும். குழாயின் உள்வரிச் செல்களும் அப்படித்தான். அவை நலமாக இருக்கும்வரை இரத்தம் எங்கும் ஒட்டாமல் வழுக்கிச் செல்கிறது. ஆனால் சுவருக்கு இல்லாத ஒரு வேலை இந்தச் செல்களுக்கு உண்டு: குழாயை விரிப்பதும் சுருக்குவதும், இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும் இவைதான். கொரோனா வைரஸ் செல்களுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் மூக்கிலும் நுரையீரலிலும் மட்டுமல்லாமல் இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் உண்டு. 2020 ஏப்ரலில் சூரிச் நகர வைத்தியர்கள் கொவிட் நோயாளிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, உள்வரிச் செல்கள் அழற்சியுற்று மடிந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் வேறோர் ஆய்வு, கொவிட்டால் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களை இன்ஃபுளுவென்சாவால் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களோடு ஒப்பிட்டது. நுண் குழாய்களில் இரத்தக் கட்டிகள் கொவிட் நோயாளிகளுக்கு ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தன. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நேரடியானது. கொவிட்டால் இறந்த எட்டுப் பேரின் இதயத் தமனிகளைப் பரிசோதித்தபோது, கொழுப்புப் படிந்து தடித்திருந்த இடங்களிலேயே வைரஸின் மரபுப் பொருள் கிடைத்தது. கொழுப்பை விழுங்கிக் கிடக்கும் வெள்ளைச் செல்களுக்குள் அது பெருகி அழற்சியைத் தூண்டியிருந்தது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அவர்கள் முதியவர்களும்கூட. எனினும் படிவு எங்கே இருக்கிறதோ அங்கேயே அழற்சி மூண்டால், படிவின் மூடி வெடித்து, அதன்மேல் கட்டி உறைந்து, மாரடைப்பு வரும் என்பது இதய மருத்துவத்தில் பல காலமாகத் தெரிந்த சங்கதி. இதற்கு மேல் காய்ச்சலால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, நுரையீரலோ போதிய ஒட்சிசனைத் தருவதில்லை. ஏற்கனவே ஒடுங்கிய தமனியால் இந்த இரட்டைச் சுமையைத் தாங்க முடியாமல் போகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பிரஷரும் சீனியும் உள்ளவர்களைத்தான் கொவிட் கடுமையாகத் தாக்குகிறது. அவர்களுக்குத்தான் மாரடைப்பும் வருகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை வைத்து, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்குச் சுவீடன் ஆய்வாளர்கள் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. 2020 பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை அந்நாட்டில் தொற்றுக்கு உள்ளான 86,742 பேரின் பதிவேடுகளை எடுத்து, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே மனிதரின் தொற்றுக் காலத்தை அவருடைய மற்றக் காலத்தோடு ஒப்பிட்டார்கள். ஆள் ஒருவரே என்பதால் அவருடைய நீரிழிவு, பரம்பரை, புகைப் பழக்கம், வருமானம் எல்லாம் தராசின் இரு தட்டிலும் சமமாகிவிடுகின்றன. மாறியது தொற்று மட்டுமே. தொற்றின் முதல் வாரத்தில் மாரடைப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது, பக்கவாதமும் அப்படியே. இரண்டாவது வாரத்திலும் இரண்டரை மடங்குக்குக் குறையவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 4 கோடியே 80 இலட்சம் வயதுவந்தோரின் பதிவேடுகளை ஆராய்ந்த இன்னொரு பேராய்வு, அந்த உயர்வு காலப்போக்கில் எப்படி இறங்குகிறது என்பதைக் காட்டியது. முதல் வாரத்தில் மிகக் கூர்மையாக ஏறி, வாரங்கள் செல்லச் செல்லச் சரிந்தாலும், 27ஆம் வாரத்துக்கும் 49ஆம் வாரத்துக்கும் இடையிலும் தமனிக் கட்டிகளின் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது. நாளக் கட்டிகளுக்கோ அது இரு மடங்கை நெருங்கியது.

நீண்ட காலத்தைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களைப் பற்றியது. தொற்றுக்குள்ளான 153,760 பேரை, தொற்றாத ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோருடன் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்துக்கு ஒப்பிட்டு 2022 பெப்ரவரியில் வெளியானது. மாரடைப்பு ஆபத்து 63 சதவீதமும், இதயச் செயலிழப்பு 72 சதவீதமும், பக்கவாதம் 52 சதவீதமும் கூடியிருந்தன. இப்படிச் சதவீதத்தில் சொன்னால் நெஞ்சு பதறும். அதையே ஆட்கணக்கில் சொன்னால், தொற்று வந்த ஆயிரம் பேரில் ஓராண்டுக்குள் கூடுதலாக மாரடைப்பு வந்தவர்கள் ஏறக்குறைய மூவர், இதயச் செயலிழப்பு வந்தவர்கள் பன்னிருவர் அளவில். ஒரு தனி மனிதர் இதைக் கேட்டுத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. ஆறு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொற்றுகளைப் பதிவு செய்த ஒரு நாட்டின் சுகாதார அமைச்சு இதைக் கேட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அந்தப் படைவீரர்களில் பெரும்பாலோர் வயதான வெள்ளையின ஆண்கள் என்ற குறை உண்மைதான். ஆனால் 2024இல் பிரித்தானியாவின் யூகே பயோபாங்கு தரவிலிருந்து வந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. 2020இல் தொற்றுக்குள்ளான பத்தாயிரம் பேருக்கு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வரையிலும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து இரு மடங்காக இருந்தது. வைத்தியசாலையில் படுத்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. வீட்டிலேயே சமாளித்தவருக்குச் சிறிய உயர்வு, வார்டில் கிடந்தவருக்குப் பெரியது, தீவிர சிகிச்சைப் பிரிவைக் கண்டவருக்கு மிகப் பெரியது என்ற இந்தப் படிவரிசையே, தொற்றுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல என்பதற்கு வலுவான சாட்சி.

சளிக் காய்ச்சலும் இதைத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கு, ஆம், செய்கிறது என்பதுதான் பதில். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இன்ஃபுளுவென்சா உறுதியான ஏழு நாட்களுக்குள் மாரடைப்பு ஆறு மடங்காவதை 2018இல் கண்டறிந்தார்கள். இது என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை. இதயநோய் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசியை வைத்தியர்கள் பரிந்துரைப்பதே இதனால்தான்.

அதிக சூடு கிளப்பும் மறுப்பு தடுப்பூசியைப் பற்றியது. இளைஞர் ஒருவர் திடீரென்று விழுந்து இறந்தால், “ஊசி போட்டதால்தான்” என்று மரண வீட்டிலேயே பேச்சுத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பயத்தை ஏளனம் செய்வது தவறு, ஏனென்றால் அதற்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. அஸ்ட்ராசெனெகா ஊசிக்குப் பிறகு ஆறு பேருக்கு இரத்தக் கட்டி ஏற்பட்டு மூவர் இறந்ததை 2021 ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். ஃபைசர், மொடர்னா வகை ஊசிகளுக்குப் பின், குறிப்பாக இரண்டாவது ஊசிக்குப் பின், இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத் தசை அழற்சி வருவதும் நிரூபணமானது. ஆனால் எவ்வளவு அரிது என்பதையும், ஊசி போடாமல் தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இஸ்ரேலில் கணக்கிட்டபோது, ஃபைசர் ஊசியால் இலட்சம் பேருக்கு மூன்றுக்கும் குறைவாகவே கூடுதல் இதயத் தசை அழற்சி ஏற்பட்டது. தொற்றால் அது பதினொன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன சுவீடன் ஆய்வு 2020 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. இங்கிலாந்தின் பேராய்வு 2020 டிசம்பர் 7ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது, அந்நாட்டில் முதல் ஊசி போடப்பட்டதற்கு முந்தைய நாள். பயோபாங்கு ஆய்வு எடுத்துக்கொண்டவையும் 2020ஆம் ஆண்டுத் தொற்றுகளே. இலங்கையில் முதல் ஊசி 2021 ஜனவரி 29இல்தான். ஊசியே இல்லாத காலத்தில் கூடிய மாரடைப்புக்கு ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது. மேலும் இலங்கையர்களில் பெரும்பாலானோர் முதலில் போட்டுக்கொண்டது சினோபார்ம். செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு பழைய முறையில் தயாரித்த ஊசி அது. இங்கிலாந்தில் 4 கோடியே 60 இலட்சம் பேரை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த முடிவு, தடுப்பூசிக்குப் பிந்தைய மாதங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, குறைந்தன என்று சொல்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நம் பக்கத்து மக்களிடமே இதைச் சோதித்தது. 18 முதல் 45 வயது வரையான, வெளிப்பார்வைக்கு நலமாக இருந்து திடீரென இறந்த 729 பேரை, அதே வயதும் பாலும் அயலும் கொண்ட 2,916 பேருடன் ஒப்பிட்டு 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. ஆபத்தைக் கூட்டியவை முன்பு கொவிட்டுக்காக வைத்தியசாலையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள் எடுத்தது, கடும் உடலுழைப்பில் இறங்கியது போன்றவை. சீகிரியாவுக்குச் சுற்றுலா வரும் ஒரு வானில் இவற்றில் எத்தனை ஒன்றாக ஏறி வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: இரவெல்லாம் பயணம், விடுதியில் மது, மறுநாள் உச்சி வெயிலில் 1,200 படிகள்.

மறுப்புகளில் நான் பெருமளவுக்கு ஏற்றுக்கொள்வது ஒன்று உண்டு. வைரஸைவிட, வைரஸ் காலத்தில் சிகிச்சை தடைப்பட்டதே இதயங்களைக் கெடுத்தது என்பது அது. இந்தியாவில் 187 வைத்தியசாலைகளில் 2020இன் ஊரடங்கு மாதங்களில் மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தார்கள். மாரடைப்பு குறையவில்லை, நெஞ்சு வலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இலங்கையில் ஊரடங்கு முடிந்ததும் பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த செய்தி உலகெங்கும் போனது. மாத்தளையிலிருந்து நோயாளிகள் தேடிப்போகும் வைத்தியசாலைகளில் அதுவும் ஒன்று. பெற்றோலுக்கு வரிசை, பிரஷர் குளிசைக்கும் வரிசை என்று கழிந்த மாதங்கள் அவை. இரண்டு ஆண்டுகள் மாதாந்தக் கிளினிக்கைத் தவறவிட்ட ஒருவருடைய இதயத்தில் எவ்வளவு சேதம் வைரஸுடையது, எவ்வளவு சிகிச்சை தடைப்பட்டதால் வந்தது என்று எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது. ஆனால் இவை ஒன்றையொன்று மறுக்கும் விளக்கங்கள் அல்ல. ஒரே ஆளின் தலையில் விழுந்த இரண்டு அடிகள். கொவிட் ஏற்படுத்தும் ஆபத்து, கட்டுப்படாத பிரஷரும் சீனியும் உள்ள உடலில்தான் மிக வேகமாக வேலை செய்கிறது. வயதுவந்த இலங்கையரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் மரணங்களில் 34 சதவீதம் இதய, இரத்தக் குழாய் நோய்களால். மேற்கு நாட்டு ஆய்வு நமக்குப் பொருந்தாது என்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பொருந்தாமல் போனால், அது நமக்குச் சாதகமான பக்கமாகப் பொருந்தாமல் போகும் என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. நம்மவருக்கு நீரிழிவும் மாரடைப்பும் ஐரோப்பியரைவிட இளம் வயதிலேயே வருகின்றன.

இனி, “எல்லாருக்கும்தான் கொவிட் வந்துவிட்டதே, அதைக் கேட்டு என்ன பயன்?” என்ற கேள்வி மிஞ்சுகிறது. வந்ததா என்பதைவிட எப்படி வந்தது என்பதில்தான் பயன். வார்டில் படுத்தாரா, ஒட்சிசன் தேவைப்பட்டதா, பிறகு மாதக்கணக்கில் மூச்சிரைப்போ படபடப்போ இருந்ததா என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் இலவசத் தொற்றாநோய்ப் பரிசோதனை நிலையங்களில் உயரம், எடை, பிரஷர், சீனி எல்லாம் பார்த்துக் குறிக்கிறார்கள். அங்கே இந்த மூன்று கேள்விகளையும் கேட்பதற்குப் புதிய கருவியோ புதிய மருந்தோ வேண்டாம். கடுமையாக நோயுற்றவர் என்று தெரிந்தால் அவருடைய பிரஷரை இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தலாம், கொலஸ்ட்ரோல் குளிசையைத் தள்ளிப்போடாமல் தொடங்கலாம், ஒரு இசிஜி எடுக்கலாம், தேவைப்பட்டால் எக்கோவுக்கு அனுப்பலாம். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் விடியுமுன்னே மரக்கறி மூட்டை தூக்குபவருக்கும், தினமும் பாறை ஏறி இறங்கும் வழிகாட்டிக்கும் இது மற்றவர்களைவிட அவசியம், ஏனென்றால் அவர்களுடைய பிழைப்பே இதயத்தின் உழைப்பில் தங்கியிருக்கிறது.

தொற்று வந்து தேறியவுடன் படியேறலாமா என்பதற்கும் தெளிவான வழிகாட்டல் உண்டு. இலேசான காய்ச்சலோடு போனவர்கள் அறிகுறிகள் நீங்கிய பின் படிப்படியாகப் பழைய வேகத்துக்குத் திரும்பலாம். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், முன்பு இல்லாத மூச்சிரைப்பு இருந்தவர்கள் முதலில் இசிஜி, ட்ரோபோனின், எக்கோ மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத் தசை அழற்சி உறுதியானவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடலுழைப்பைத் தவிர்க்க வேண்டும் என்பது இதய மருத்துவர்களின் அறிவுரை. ஏறும்போதே நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், வாயுப் பிடிப்பு என்று சொல்லி உச்சியை எட்டிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும், அது இலவசம். அருகிலுள்ள பெரிய வைத்தியசாலை தம்புள்ளை ஆதார வைத்தியசாலை. இதயக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை நீக்கும் வசதியுள்ள கண்டி தேசிய வைத்தியசாலை அங்கிருந்து எழுபது கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் ஏறினால்தான் இதயத் தசையின் பெரும்பகுதியைக் காப்பாற்றும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அதனால் பெரிய பயனில்லை.